தட்டிப் பார்த்து உண்ணும் பறவைகள்



‘வீட்டைச் சுற்றி’ என்னும் இப்பகுதிக்கு இம்மாதம் பொருள் தேடி அலைய வேண்டிய நிலை ஏற்படவில்லை. நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதமே அதனைக் கொடுத்துவிட்டது. அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் வருமாறு:

“எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமரம் ஒன்று நிற்கிறது. என் மாமனார் இவ்வூருக்கு மாற்றலாகி வந்தபோது சேலத்திலிருந்து கன்றாகக் கொணர்ந்து நட்டது. எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் மாவடு போடுவது அந்த மரத்தின் தயவினால்தான். தை மாதம் முதல் மரங்கொத்தி ஒன்று காலைதோறும் வந்து அதன் கிளையொன்றைக் கொத்துகிறது. அக்கிளையின் இலைகளும் வாடி வருகின்றன. பறவை வாராதபடி வலை கட்டுங்கள் என்கிறார் அண்டை வீட்டார். மரத்தையே எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் வேறொருவர். என்ன செய்வது?”

நட்டவர் இன்று இல்லை; மரம் இருக்கிறது. அதனை வெட்டுவதா, காப்பதா என்பது அக்குடும்பத்தாருக்குச் சிறிய வினாவன்று. ஆகவே ஒரு வரியில் விடை சொல்லி முடிக்காமல், அப்பறவை மரத்தில் எதைத் தேடுகிறது, எவ்வாறு தேடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அதனை அறிந்தால் விடை தானே புலப்படும்.

பறவை யாது?

சகோதரியார் தந்துள்ள அடையாளங்கள் தெளிவானவை: பொன் போன்ற முதுகு, செந்நிறக் கொண்டை, கருப்பும் வெள்ளையும் கலந்த கழுத்து, குதிரை கனைப்பது போன்ற தொடர்ச்சியான கூச்சல். இது பொன்முதுகு மரங்கொத்தி என்பதில் ஐயமில்லை. ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஆணுக்கு உச்சி முழுவதும் சிவப்பாக இருக்கும். பெண்ணுக்கு நெற்றியில் கருமையும் வெண்புள்ளிகளும் இருக்க, பின்கொண்டை மட்டும் சிவந்திருக்கும். அடர்ந்த காட்டை நாடாமல் தோப்புகளிலும் சாலை மரங்களிலும் ஊர்க் குடியிருப்புகளிலும் வாழும் இயல்பினது. தென்கோடி முதல் இமயத்தின் அடிவாரம் வரை நம் நாட்டின் பெரும்பகுதியில் இதனைக் காணலாம். எனவே சகோதரியாரின் மாமனார் சேலத்தில் கண்ட பறவையும், பேரக் குழந்தைகள் இங்குக் காணும் பறவையும் ஒன்றே.

உலகில் மரங்கொத்தி இனங்கள் 200க்கு மேல் உள்ளன. நம் நாட்டில் மட்டும் 30க்கு மேற்பட்டவை வாழ்கின்றன. இமயமலை அடிவாரத்துச் சால மரக் காடுகளில் அரை மீட்டர் நீளமுள்ள பெரியதும் உண்டு. மூங்கிலிலும் சிறு கொம்புகளிலும் திரியும் 10 சென்டிமீட்டர்ச் சிறியதும் உண்டு.

தச்சனும் அவன் கருவிகளும்

மரத்தில் செங்குத்தாக நின்றுகொண்டு இரு கைகளாலும் உளி பிடித்து வேலை செய்யச் சொன்னால் நம்மால் இயலுமா? சாரம் கட்டித் தாருங்கள் என்போம். மரங்கொத்திக்குச் சாரம் அதன் உடலிலேயே அமைந்திருக்கிறது. பெரும்பாலான பறவைகளுக்கு முன்னோக்கி மூன்று விரல்களும் பின்னோக்கி ஒன்றுமாக இருக்கும். மரங்கொத்திகளுக்கோ முன்னே இரண்டு, பின்னே இரண்டு. நம் பொன்முதுகு மரங்கொத்திக்குப் பின்விரல்களில் ஒன்று மிகச் சிறுத்துவிட்டது; எனினும் பிடிப்புக்குக் குறைவில்லை. கூரிய வளைந்த நகங்கள் பட்டையில் ஊன்றுகின்றன.

அடுத்தது வால். அதன் நடு இறகுகள் மூங்கிற் பிளாச்சு போல விறைப்பானவை. அவற்றை மரத்தில் அழுத்திக்கொண்டு, இரு கால்களும் ஒரு வாலுமாக முக்காலி போல் பறவை நிற்கிறது. ஆண்டுதோறும் பறவைகள் இறகு உதிர்ப்பதை நாம் அறிவோம். மரங்கொத்தியின் நடுவால் இறகுகள் இரண்டும், மற்ற வால் இறகுகள் புதிதாக வளர்ந்த பின்னரே உதிர்கின்றன. முட்டுக்கோல் இன்றி ஒரு நாளும் வேலை தடைப்படலாகாது என்னும் ஏற்பாடு இது.

மூக்கு உளி போன்றது. மரத்தூள் புகாதபடி நாசித் துளைகளை மயிரிறகுகள் மறைக்கின்றன. ஒவ்வொரு கொத்தின்போதும் கண்ணை மெல்லிய இமையொன்று மூடிக் காக்கிறது.

இத்துணை வேகமாக மோதியும் அதற்குத் தலைவலி வாராதது ஏன் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. அதன் மண்டையோடு பஞ்சு போன்றது, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதிவந்தனர். பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க் என்பவரும் அவர்தம் தோழர்களும் மூன்று மரங்கொத்தி இனங்களை அதிவேகப் படக்கருவியால் படம்பிடித்து ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சுவதே இல்லை. கட்டியான சுத்தியல் போலவே நடந்துகொள்கிறது என்பது அவர்கள் கண்டது. சற்று எண்ணிப் பார்த்தால் இது பொருத்தமே. சுத்தியலின் தலையில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு ஆணி அடிக்கும் தச்சன் உண்டோ? அடியின் வலிமை குறைந்துவிடுமன்றோ? பறவையின் மூளை மிகச் சிறியதாக இருப்பதனால்தான், மனித மூளையைக் கலக்கிவிடக்கூடிய அதிர்ச்சி அதனைக் கெடுப்பதில்லை என்று அவர்கள் விளக்குகின்றனர்.

இரை இருக்குமிடம் தெரிவது எவ்வாறு?

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். புழு பட்டைக்குள்ளே, மரத்துக்குள்ளே மறைந்திருக்கிறது. வெளியே நிற்கும் பறவைக்கு அது எப்படித் தெரிகிறது?

முதலாவது, கண். பட்டையில் சிறு துளை, துளைவாயில் மரத்தூள், கசியும் பிசின், காய்ந்து பெயர்ந்த பட்டை, சாரைசாரையாகச் செல்லும் எறும்பு ஆகியவை யாவும் அதற்கு எழுத்துப் போன்றவை. நாம் பெயர்ப்பலகையைப் படிப்பது போல அது மரத்தைப் படிக்கிறது. மரத்தின் மீது அது தாவித் தாவி மேலேறிக் கூர்ந்து நோக்குகிறது.

இரண்டாவது, செவி. மரத்துக்குள் புழு அரிக்கும் ஓசையையும் ஊரும் ஓசையையும் மரங்கொத்தி கேட்கவல்லது என்பர்.

மூன்றாவது, தட்டிப் பார்த்தல். நம் வாசகர்களில் பாதிப்பேர் இரயில்வேக் குடும்பத்தினர். இதனை விளக்க நான் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. வண்டி நிலையத்தில் வந்து நின்றதும், நீண்ட காம்புடைய சுத்தியலை ஏந்திய தொழிலாளி ஒருவர் பெட்டி பெட்டியாக நடந்து சக்கரங்களைத் தட்டிச் செல்வது முன்னாளில் எங்கும் காணும் காட்சி. நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் மழுங்கிய ஒலி தரும். அவர் கண்ணால் காணாத விரிசலைக் காதால் கண்டார். நம் இல்லத்தரசியர் சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பதும் இதே கலைதான். மரங்கொத்தியும் செல்லும் வழியெல்லாம் மெல்லத் தட்டுகிறது. உள்ளே புழு குடைந்த வழி இருக்குமாயின், கட்டி மரத்தின் ஒலி வேறு, அவ்விடத்தின் ஒலி வேறு. வேறுபட்ட இடத்தில்தான் அது நின்று, பட்டையைப் பெயர்த்து, ஆழமாகக் கொத்தத் தொடங்குகிறது.

மரங்கொத்தியே இல்லாத மடகாஸ்கர்த் தீவில் இதே தொழிலை ‘ஐ-ஐ’ என்னும் இரவு விலங்கு செய்கிறது. அது தன் மெலிந்து நீண்ட நடுவிரலால் மரத்தைத் தட்டி, செவி சாய்த்துக் கேட்டு, பல்லால் கடித்துத் திறந்து, அவ்விரலாலேயே புழுவை இழுத்து உண்கிறது. தொழில் ஒன்று காலியாக இருந்தால் அதற்கு ஆள் வந்து சேர்ந்துவிடுகிறது போலும்!

நான்காவது ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பெரு வியப்பைத் தருவது. அது கணக்கு. அமெரிக்க நாட்டில் ஸ்டீவன் லீமா என்னும் அறிஞர், அங்குள்ள டௌனி என்னும் சிறிய மரங்கொத்தியைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 1984ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 24 துளைகள் உள்ள கட்டைகளைத் தொங்கவிட்டார். சில கட்டைகள் முற்றும் வெறுமை. மற்றவற்றில் விதைகள் மறைத்து வைக்கப்பட்டன. விதையுள்ள கட்டைகளில் 24 துளைகளும் நிரம்பியிருந்தபோது, பறவை சராசரி 1.7 துளைகளைப் பார்த்ததுமே வெறுங்கட்டையை விட்டு அகன்றது. ஒரு துளை வெறுமையானால் எல்லாம் வெறுமை என்பது அதற்கு விளங்கிவிட்டது. 24இல் 6 துளைகளில் மட்டுமே விதை வைத்தபோதோ, சராசரி 6.3 துளைகளைப் பார்த்த பின்னரே கைவிட்டது. இரண்டொரு துளை வெறுமையாக இருப்பதனாலேயே அக்கட்டையை வெறுமை என்று முடிவுகட்ட இயலாதல்லவா? எத்தனை துளை பார்த்து விலகினால் வீண் உழைப்பு மிகக் குறையும் என்று கணித முறைப்படி வந்த எண்களும் ஏறக்குறைய இவையே.

ஆகவே ஒன்று தெளிக. மரங்கொத்தி பலனில்லாத இடத்தில் நாள்தோறும் உழைக்கும் மூடப் பறவை அன்று. ஒரே கிளைக்கு அது காலைதோறும் வருகிறது என்றால், அக்கிளையில் அதற்கு ஊதியம் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

துளைத்த பின் புழுவை எடுப்பது நாவின் வேலை. அதன் நாக்கு அலகைக் கடந்து வெகுதூரம் நீளும். ஐரோப்பியப் பச்சை மரங்கொத்தியின் நாக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும் என்று அளந்திருக்கின்றனர். நாவைத் தாங்கும் எலும்பு தொண்டையிலிருந்து இரண்டாகப் பிரிந்து, மண்டையின் பின்புறமாகச் சுற்றி, உச்சி வழியே ஏறி, பல இனங்களில் மூக்கின் அடி வரை வந்து முடிகிறது. கிணற்றுக் கயிற்றை உருளையில் சுற்றி வைப்பது போன்ற ஏற்பாடு. நாவின் நுனியில் முட்களும், மேலே பசை போன்ற எச்சிலும் உண்டு. நம் பொன்முதுகு மரங்கொத்திக்கு எறும்புதான் பெருவிருப்பமான உணவு. வண்டுப் புழுக்களும் கறையானும் அடுத்தபடி.

ஒலியை ஒலியென்று அறிக

மரங்கொத்தி எழுப்பும் ஓசைகள் மூன்று. இரை தேடும்போது எழுவது ஒழுங்கற்றது: இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, நான்கு தட்டு, மீண்டும் மௌனம். கூட்டுக்குப் பொந்து குடையும்போது எழுவது நிதானமானது. ஒரே இடத்தில் நெடுநேரம் தொடர்வது. மூன்றாவது முரசு. உலர்ந்து நன்கு ஒலிக்கும் கொம்பொன்றைத் தேர்ந்து, எண்ண முடியாத வேகத்தில் ஒரே மூச்சில் அடிக்கும். இது உணவுக்காக அன்று. “இவ்விடம் என்னுடையது” என்று அயலானுக்கும், “இங்கே இருக்கிறேன்” என்று துணைக்கும் அறிவிப்பது.

வெயில் காலத்தில் ‘டுக், டுக், டுக்’ என்று ஒரே சீராக மணிக்கணக்கில் கேட்கிறதே, அது மரங்கொத்தி அன்று. செம்மார்புக் குக்குறுவான் என்னும் பச்சைப் பறவை தொண்டையால் எழுப்பும் குரல் அது. அப்பறவை பழம் உண்பது. கூடு மட்டும் பட்ட கிளையில் குடையும். தரையில் நடந்து புல்வெளியைக் கிளறும் விசிறிக் கொண்டைப் பறவையையும் பலர் மரங்கொத்தி என்கின்றனர். அது கொண்டலாத்தி, மரத்தைக் கொத்துவதில்லை.

ஒரு மரம், பல பந்தி

மரப்பட்டையில் உணவு தேடுவது மரங்கொத்தி மட்டுமன்று. பெரிய அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் பொன்முதுகு மரங்கொத்தி உழைக்க, அதனினும் சிறிதான மராட்டிய மரங்கொத்தி கிளைகளை ஆராயும். பழுப்பில் வெண்புள்ளியும் மஞ்சள் நெற்றியும் உடைய இப்பறவைக்கு 1801ஆம் ஆண்டில் லாத்தம் என்னும் ஆங்கில அறிஞர் மராட்டிய நாட்டின் பெயரையே இட்டார். ஆயினும் இது தமிழ்நாட்டிலும் வாழ்வதே.

இவை கீழிருந்து மேலேறுபவை. மேலிருந்து தலைகீழாக இறங்கி வருவது பசையெடுப்பான் என்னும் சிட்டளவுப் பறவை. அதற்கு வால் முட்டு வேண்டுவதில்லை. ஒரு காலை மேலே மாட்டித் தொங்கி, மற்றொரு காலைக் கீழே ஊன்றிக்கொள்கிறது. மேலேறுபவன் கண்ணில் படாத பட்டையிடுக்கு இறங்குபவன் கண்ணில் படும். ஒருவன் விட்டதை மற்றவன் உண்கிறான், சண்டைக்கு இடமில்லை. கொட்டையைப் பட்டைப் பிளவில் செருகி, இடுக்கியில் வைத்தாற்போல் இறுக்கி உடைத்துத் தின்னும் திறமும் இதற்கு உண்டு. ராஜஸ்தானம், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளின் சொரசொரப்பான பட்டையுடைய மரங்களில் புள்ளி மரமேறி என்றொரு பறவை, வளைந்த மெல்லிய அலகால் பட்டை வெடிப்புகளிலுள்ள பூச்சியையும் சிலந்தியையும் பொறுக்குகிறது. அது கொத்துவதே இல்லை.

செம்பழுப்பு மரங்கொத்தியோ இன்னும் துணிந்தது. மரத்தில் எறும்புகள் கட்டும் கூட்டைப் பிளந்து எறும்பை உண்பதோடு, அந்த எறும்புக் கூட்டுக்குள்ளேயே தன் முட்டையையும் இட்டு வளர்க்கிறது!

சகோதரியாருக்கு விடை

இனி மாமரத்துக்கு வருவோம். கிளை வாடுவதற்குப் பறவை காரணமன்று. கிளைக்கு வந்த நோயைப் பறவை முன்னதாகக் கண்டுகொண்டது. மருத்துவர் வந்த வீட்டில் நோய் இருக்கிறது. அதற்காக மருத்துவர் நோயைக் கொணர்ந்தார் என்போமா?

மாமரத்தைக் குடைவதில் பேர்போனது, நீண்ட மீசையுடைய வண்டொன்றின் புழு. தாய் வண்டு பட்டையில் முட்டையிடும்; புழு உள்ளே புகுந்து மாதக்கணக்கில் மரத்தைத் தின்று விரலளவு பருக்கும். துளையிலிருந்து வெளிப்படும் மரச்சக்கை, பிசின் கசிவு, நுனி வாடுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். எனவே ஏணி வைத்து, பறவை கொத்திய இடத்தைச் சுற்றிப் பாருங்கள். அதுவே உங்களுக்கு இடத்தைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. துளையைக் கண்டால் வளையும் கம்பியொன்றை உட்செலுத்திப் புழுவை வெளியே இழுத்துவிடலாம். பின்னர் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளையில் அடைத்து, ஈரக் களிமண்ணால் வாயைப் பூசிவிடுவது பழைய முறை. கிளை முழுதும் காய்ந்திருப்பின், அதனை மட்டும் வெட்டி அப்புறப்படுத்துக. உள்ளே புழு இருந்தால் மற்றக் கிளைகளுக்கும் பரவும். பருத்த அடிமரத்திலேயே பல துளைகள் காணின், தோட்டக்கலைத் துறையாரை ஒரு முறை அழைத்துக் காட்டுதல் நலம். வலை வேண்டா. மரத்தை எடுக்கவும் வேண்டா. மாவடு கிடைக்கும்.

வெட்டுமுன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளையில் வட்டமான பொந்து இருந்து, பறவைகள் இரண்டும் மாறிமாறி உட்புகுமானால், குஞ்சுகள் பறந்துபோகும் வரை பொறுத்திருக்க வேண்டும். மாசி முதல் ஆனி வரை அவற்றின் குடும்பக் காலம்.

இதனோடு தொடர்புடைய பொது வேண்டுகோள் ஒன்றும் உண்டு. மழைக்காலத்துக்கு முன் நம் குடியிருப்புகளில் பட்ட கிளைகளையெல்லாம் ஒருசேர வெட்டும் வழக்கம் இருக்கிறது. நடைபாதைக்கும் கூரைக்கும் மின்கம்பிக்கும் மேலே நிற்பவற்றை வெட்டத்தான் வேண்டும், உயிர் பெரிது. ஆனால் மைதானத்து ஓரத்தில், எவர்மீதும் விழ வாய்ப்பின்றி நிற்கும் பட்ட வேம்பையும் வெட்டுவானேன்? மரங்கொத்தி தன் பொந்தைக் குடைவதற்கு உலுத்த மரம் வேண்டும். அது குடைந்துவிட்டுப் போன பொந்தில் மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் வண்ணாத்திக் குருவியும் அணிலும் குடிபுகுகின்றன. தாமே குடையத் தெரியாத இவற்றுக்கு வீடு கட்டித் தருபவன் அந்தத் தச்சன்தான். ஒரு பட்ட மரம் வீழ்ந்தால் பல குடும்பங்கள் வீடிழக்கின்றன. வீட்டு வசதியின் அருமையை வெளியூரில் வந்து வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனுக் கொடுக்கும்போது எக்கிளை, எதனால் ஆபத்து என்று குறிப்பிட்டுக் கொடுப்போமாக.

இளைஞர் பகுதிக்கு ஒரு சொல். குழந்தைகள் பள்ளியில் இப்பறவையைக் ‘கட்ஃபோட்வா’ என்று கற்றுவருகிறார்கள். அதுவும் நல்ல பெயரே; மரத்தைப் பிளப்பது என்று பொருள். மராத்தியர் ‘சுதார்’ என்றும் தெலுங்கர் ‘வட்ரங்கி பிட்ட’ என்றும் வழங்குவர். இரண்டும் தச்சனையே குறிப்பன. வங்காளிகள் ‘காட்டோக்ரா’ என்பர். மலையாளிகளுக்கும் நமக்கும் அது மரங்கொத்தி. அண்டை வீட்டுக் குழந்தைகளிடம் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு, நம் பெயரையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இவ்வாரம் ஒரு நாள் காலையில் கால்மணி நேரம் ஒரு மரத்தடியில் நின்று, கேட்ட தட்டு மூவகையில் எது என்றும், பறவை மேலேறியதா, தலைகீழாக இறங்கியதா என்றும் குறித்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வந்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.